மறைத்து எழுதிய ஒரு நாள் சாப்பாடு

மனையியல் படித்தவர்களுக்கு ஒரு செய்முறைப் பாடம் மறக்காது. நேற்றுக் காலை எழுந்ததில் இருந்து ராத்திரி படுக்கும் வரை என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று ஒன்று விடாமல் எழுத வேண்டும். '24 மணி நேர உணவு நினைவுப் பதிவு' என்று அதற்குப் பெயர். எழுதி முடித்ததும் அட்டவணையைப் பார்த்து எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம், எத்தனை மில்லிகிராம் இரும்பு என்று கணக்குப் போட்டு ரெக்கார்டு நோட்டில் கட்டம் கட்டிக் காட்ட வேண்டும்.

1990களில் ஒரு கல்லூரியில் நானும் அதை எழுதினேன். காலையில் 4 இட்லி, சாம்பார். மத்தியானம் சாதம், கத்தரிக்காய்க் கூட்டு, ரசம், மோர். இரவு 3 சப்பாத்தி, பருப்பு. அத்தனையும் பொய். பாளையங்கால்வாய்க் கரையில் இருக்கும் எங்கள் தெருவில் அன்றைக்குக் காலையில் பழையதும் வெங்காயமும். மத்தியானம் வயல் வரப்பில் பிடித்த நத்தையை அம்மா மிளகு போட்டு வைத்திருந்தாள். ராத்திரி பெரிய கறிக் குழம்பு, சுடுசோறு. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நான் யோசித்தபோது, பீடித் தட்டை மடியில் வைத்திருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்: "ஏட்டி, அதெல்லாமா நோட்டுல எழுதுவாவ?"

எனக்குப் பத்துக்கு 9 மதிப்பெண் கிடைத்தது. பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் 'குட்' என்றும் எழுதியிருந்தது.

இந்த வாரம் மனையியல் பற்றி எழுதலாம் என்று தோன்றியதற்குக் காரணம் அந்தப் பக்கம்தான். பிளஸ் டூ முடிக்கும் பெண் பிள்ளைகளிடம் இந்தப் படிப்பைச் சொன்னால், "சமையல் படிக்கவா காலேஜுக்குப் போகணும்?" என்று கேட்கிறார்கள். நம் தெருக்களில் அந்தக் கேள்விக்கு இன்னொரு கூர்மையும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வீட்டு வேலை பார்த்த சனத்தின் பிள்ளை, கல்லூரியிலும் போய் வீட்டு வேலையையா படிக்கும் என்ற சந்தேகம் அது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரை நாள் பள்ளித் திட்டத்தைக் 'குலக்கல்வி' என்று எதிர்த்துத் தோற்கடித்த நாடு இது. அந்தச் சந்தேகம் நியாயமானதுதான்.

ஆனால் படிப்பின் கதை வேறு.

தண்ணீரில் தொடங்கிய படிப்பு

மனையியல் அடுப்படியில் பிறந்த படிப்பு அல்ல. வேதியியல் கூடத்தில் பிறந்தது. அமெரிக்காவில் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ் என்ற பெண், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்ட மாணவி. 1873இல் அங்கே பட்டம் பெற்றார். ஆறு, குளம், கிணறு என்று மாநிலம் முழுக்கத் தண்ணீரைச் சோதித்தவர். குடிக்கிற தண்ணீர், சுவாசிக்கிற காற்று, கடையில் வாங்குகிற மாவில் கலந்திருக்கும் கலப்படம் ஆகியவற்றை அறிவியலாகப் படிக்க வேண்டும் என்றார். 1899இல் லேக் பிளாசிட் என்ற ஊரில் அவரும் மற்றவர்களும் கூடிப் பேசியதில் இருந்துதான் இந்தத் துறைக்கு ஒரு பெயரும் பாடத்திட்டமும் வந்தன. 1909இல் அமெரிக்க மனையியல் சங்கம் அமைந்தபோது முதல் தலைவர் அவரே.

இந்தியாவில் 1932இல் டெல்லியில் லேடி இர்வின் கல்லூரி தொடங்கியது. 1957இல் கோயம்புத்தூரில் தி.சு. அவினாசிலிங்கம் மனையியலுக்கென்றே ஒரு மகளிர் கல்லூரி தொடங்கினார். அமெரிக்காவில் ஓஹியோவில் டாக்டர் பட்டம் வாங்கித் திரும்பிய இராஜம்மாள் தேவதாஸ் அதை வளர்த்தெடுத்தார். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவில் என்ன சத்து இருக்கிறது, என்ன இல்லை என்று ஆராய்ந்தவர்களில் அவர் முக்கியமானவர். அந்தக் கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்திலும் இந்தத் துறை உண்டு. மேல்நிலைப் பள்ளியிலும் மனையியல் ஒரு பாடமாக இருக்கிறது.

உணவும் சத்தும், குடும்ப வள மேலாண்மை, மனித வளர்ச்சி, துணியும் ஆடையும், விரிவாக்கக் கல்வி என்று ஐந்து கிளைகள். ஐந்தில் ஒன்றுதான் சமையலறைக்குள் போகிறது.

பரோடாவுக்கு வந்த கறுப்பினப் பெண்

கல்லூரியில் எனக்கு யாரும் சொல்லித் தராத ஒரு பெயர் உண்டு. ஃப்ளெம்மி கிட்ரெல்.

1904இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், வாரத்துக்கு நிலம் உழுத கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். உடன் பிறந்தவர்களோடு சேர்த்து வீட்டில் 9 பிள்ளைகள். வாரக் குடியானவன் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியது இல்லை. விளைந்ததில் பாதிக்கு மேல் நிலக்காரருக்குப் போகும். மிச்சத்தில் கடன் கழியும். கறுப்பின மாணவர்களுக்கான ஹாம்ப்டன் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே படித்து, 1928இல் பட்டம் வாங்கினார். பிறகு கார்னெல் பல்கலைக்கழகம் போய்ச் சத்துணவியலில் டாக்டர் பட்டம் பெற்றார். அந்தத் துறையில் டாக்டர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர்தான்.

அங்கேயும் நம் தெருவில் எழுகிற அதே சந்தேகம் இருந்தது. கறுப்பினப் பெண்களுக்கு மனையியல் சொல்லித் தருவது, வெள்ளைக்காரர் வீட்டுக்கு நல்ல வேலைக்காரியைத் தயார் செய்வதற்குத்தானே என்று கேட்டார்கள். அப்படி நினைத்தே அதற்குப் பணம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். கிட்ரெல் அந்தப் படிப்பையே எடுத்துத் திருப்பிப் பிடித்தார். வாஷிங்டனில் உள்ள ஹோவர்டு பல்கலைக்கழகத்தின் மனையியல் துறைக்குத் தலைமை ஏற்று, ஏழைப் பிள்ளைகளின் உணவு, வளர்ப்பு, முன்பருவப் பள்ளி என்று அதைத் திசை மாற்றினார்.

1946-47இல் ஆப்பிரிக்காவில் லைபீரியா நாட்டுக்குப் போய்ச் சனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆய்வு செய்தார். வயிறு நிறைகிறது, ஆனால் உடம்புக்கு வேண்டியது கிடைக்கவில்லை என்று கண்டார். அரிசியும் மரவள்ளியும் மட்டுமே தின்றால் பசி அடங்கும். புரதமும் வைட்டமினும் வராது. 'மறைந்த பசி' என்று இதைச் சொல்வார்கள். ரேஷன் அரிசியில் குடும்பம் நடத்துகிற எந்த வீட்டுக்கும் அது என்ன என்று தெரியும், பெயர்தான் தெரிந்திருக்காது.

அதே கிட்ரெல் 1950இல் ஃபுல்பிரைட் நிதியுதவியில் இந்தியா வந்தார். பரோடா பல்கலைக்கழகத்தில் மனையியல் கல்லூரியை உருவாக்க உதவுவதுதான் வேலை. அப்போது அங்கே துணைவேந்தர் ஹன்சா மேத்தா. ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தில் 'எல்லா ஆண்களும்' என்று இருந்த சொல்லை 'எல்லா மனிதர்களும்' என்று மாற்றக் காரணமாக இருந்தவர்.

பரோடா என்றதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். ஆம், அதே பரோடாதான். 1913இல் அந்த ஊர் மகாராஜா கொடுத்த உதவித்தொகையில்தான் அம்பேத்கர் அமெரிக்கா போய்க் கொலம்பியாவில் படித்தார். 1917இல் கடனைக் கழிக்க அங்கே வேலைக்குத் திரும்பினார். தங்க வீடு கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். சில நாட்களில் கம்புகளோடு ஒரு கூட்டம் வந்து நின்று வெளியே போகச் சொன்னது. இரவு ரயிலுக்காக ஊர்ப் பூங்காவில் காத்திருந்தவர், அந்த ஊரை விட்டே போனார். படித்துப் பட்டம் வாங்கிய மனிதனுக்கு ஒரு வீடு கிடைக்காத ஊரில், 33 ஆண்டு கழித்து, இன ஒதுக்கலில் வளர்ந்த ஒரு கறுப்பினப் பெண் வந்து 'வீடு' என்பதைப் பற்றிய படிப்பைக் கட்டி எழுப்ப உதவியிருக்கிறார்.

மனையியல் பாடம் எடுக்கிறவர்கள் இந்த இரண்டையும் ஒரே வகுப்பில் சொல்லலாம். ஒரு மணி நேரம் போதும்.

நாக்பூர் வகுப்பு

குடும்ப வாழ்வுக் கல்வி என்று இன்று பாடத்திட்டத்தில் வருவதை 1942 ஜூலையில் அம்பேத்கர் ஒரு மேடையில் இருந்தே நடத்தினார். நாக்பூரில் நடந்த ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாடு அது. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடியிருந்தார்கள் என்று பதிவுகள் சொல்கின்றன. ஒரு சமூகம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை அதன் பெண்கள் எவ்வளவு முன்னேறியிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அளப்பேன் என்றார். பிள்ளைகளுக்கு அவசரப்பட்டுக் கல்யாணம் முடிக்காதீர்கள், அளவுக்கு மீறிப் பிள்ளை பெறாதீர்கள், கட்டிக்கொள்கிற பெண் கணவனுக்கு அடிமையாக இல்லாமல் சரிசமமான தோழியாக நிற்கட்டும் என்றெல்லாம் சொன்னார். 

அதற்கும் முன்னால், 1927 டிசம்பரில் மகாத் மாநாட்டின்போது பெண்களிடம் தனியாகப் பேசினார். தீண்டத்தகாதவர் என்று பார்த்ததும் தெரிகிற மாதிரி சேலை கட்டாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டும் வழக்கத்தை விட்டுப் பெண்கள் உடனே சேலையை மாற்றிக் கட்டினார்கள். துணியும் ஆடையும் என்று மனையியலில் ஒரு தாளே இருக்கிறது. அதில் பருத்தி, பட்டு, நூல் எண்ணிக்கை எல்லாம் உண்டு. சேலை எந்த உயரத்தில் இருக்கலாம் என்று சாதி தீர்மானித்த கதை இல்லை. நாங்குநேரி சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைத் தடுக்கச் சொல்லியிருப்பதையும் அந்தத் தாளில் சேர்க்கலாம். கயிறும் நூல்தானே.

யார் சமைத்தால் சாப்பாடு

தாமிரபரணிக் கரையில் சாப்பாடும் சாதியும் பின்னிக் கிடப்பதற்கு நூறு ஆண்டுப் பழைய சாட்சி சேரன்மகாதேவி. வ.வே.சு. ஐயர் அங்கே நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டதுதான் 1924-25இல் தமிழ்நாட்டு அரசியலையே உலுக்கிய சண்டை. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். ஆனால் அந்தச் சண்டையிலும் பேச்சு பிராமணர், பிராமணரல்லாதார் என்றுதான் நடந்தது. காலனிப் பிள்ளை எந்தப் பந்தியில் உட்காரும் என்ற கேள்வி முன்னுக்கு வரவில்லை.

1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தது எட்டயபுரத்தில். அன்றைக்கு அது திருநெல்வேலி மாவட்டம். 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக அதை விரித்தார். 2022 செப்டம்பரில் காலை உணவும் வந்தது. ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்துச் சோற்றைச் சாப்பிட்டு இரண்டு மூன்று தலைமுறை வளர்ந்துவிட்டது. இது சின்னக் காரியம் அல்ல.

ஆனால் 2023 செப்டம்பரில், அதே எட்டயபுரம் வட்டத்தில் உசிலம்பட்டி என்ற கிராமத்துத் தொடக்கப் பள்ளியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காகப் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்த செய்தி வந்தது. கனிமொழி எம்.பி.யும் அமைச்சர் கீதா ஜீவனும் அதிகாரிகளோடு போய்ப் பிள்ளைகளுடன் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகு நிலைமை மாறியது. அதற்கு முன், 2018இல் அவினாசி பக்கம் திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் ஒரு சத்துணவுச் சமையலரை இதே காரணத்துக்காக வேறிடம் மாற்றச் செய்து, எதிர்ப்பு வந்ததும் திரும்ப அழைத்தார்கள்.

சமையலறைச் சுகாதாரம் என்று மனையியலில் ஒரு பாடம் வரும். கை கழுவுவது, நகம் வெட்டுவது, தலைமுடியை மூடுவது, பாத்திரத்தை வெந்நீரில் அலசுவது. கிருமி எப்படிப் பரவும் என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கும். தீட்டு எப்படிப் பரவும் என்று அதில் இல்லை, ஏனென்றால் அது பரவாது. ஆனால் 'தூய்மை' என்ற ஒரே சொல்லை இரண்டு அர்த்தத்தில் புழங்குகிற ஊரில், இந்த வேறுபாட்டைப் பிரித்துச் சொல்லாமல் சுகாதாரப் பாடத்தை நடத்தி முடிக்க முடியாது. சத்துணவுக் கூடத்துப் பொறுப்புக்கும் அங்கன்வாடிப் பொறுப்புக்கும் போகிறவர்களில் மனையியல் படித்த பெண்களும் இருக்கிறார்கள். பெற்றோர் கூட்டமாக வந்து நிற்கும்போது என்ன பேசுவது என்று அவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும் அல்லவா?

நத்தையில் என்ன இருக்கிறது

இப்போது என் பொய்க் கணக்குக்கு வருகிறேன்.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. இந்தியா முழுக்க 57 சதவீதம். பாதிப் பெண்களுக்கு மேல் ரத்தம் போதவில்லை என்று அர்த்தம். ஐதராபாத்தில் உள்ள தேசியச் சத்துணவு நிறுவனம் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்கிறது. ஆணுக்கு 19 போதும். நம் வீடுகளில் யாருக்கு முதலில் கறித்துண்டு விழும், யாருக்குக் குழம்பு மட்டும் மிஞ்சும் என்பதை இந்த இரண்டு எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும்.

இரும்பில் இரண்டு வகை. கறி, மீன், ரத்தப் பொரியல், ஈரல் ஆகியவற்றில் இருக்கும் இரும்பை உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும். கீரை, பருப்பு, தானியத்தில் இருப்பதில் கொஞ்சம்தான் ஒட்டும். கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் அந்த அளவு கூடும், சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் குறையும். இது என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. ஆக, நான் எழுதிய இட்லி, கூட்டு, சப்பாத்தியைவிட, மறைத்த பெரிய கறியும் நத்தையும்தான் என் வயதுப் பெண்ணுக்கு வேண்டிய இரும்பும் புரதமும் கொண்டவை. வயலில் பிடித்த நண்டு, வாய்க்காலில் அரித்த அயிரை, கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். கணக்கைச் சரியாகப் போட்டிருந்தால் வகுப்பிலேயே நல்ல பட்டியல் என்னுடையதாகக்கூட இருந்திருக்கலாம்.

இதைச் சொல்வதால் எங்கள் சாப்பாடு எல்லா நாளும் நன்றாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். வாரத்தில் ஐந்து நாள் சோறும் புளித்தண்ணியும்தான். நாற்று நடும் காலத்தில் ஒரு பெண்ணின் உடம்புக்குக் கடும் உழைப்பு என்ற கணக்கில் 2,720 கலோரி வேண்டும் என்று அட்டவணை சொல்லும். அம்மா அதில் எவ்வளவு சாப்பிட்டாள் என்று நான் எழுதிப் பார்க்கவில்லை. எழுதியிருக்க வேண்டியது அதைத்தான்.

பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் உளுந்தங்களி கிண்டிக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் ஊற்றிக் கொடுப்பது நெல்லைச் சீமை வழக்கம். புரதமும் கொழுப்பும் அதில் ஏராளம். ஆனால் கொடுக்கிற 16 நாளுக்குத்தான் கவனிப்பு. பதினேழாம் நாளில் இருந்து மறுபடி கடைசிப் பந்தி.

என் அக்கா மகள் இப்போது சத்துணவியல் படிக்கிறாள். போன வருடம் அவளும் அதே 24 மணி நேரப் பதிவை எழுத வேண்டி வந்தது. "சித்தி, என்ன எழுத?" என்று போனில் கேட்டாள். தின்றதை எழுது என்றேன். எழுதினாள். 'பெரிய கறி, 100 கிராம்' என்ற வரிக்குப் பக்கத்தில் அவளுடைய பேராசிரியை ஒரு கேள்வி மட்டும் எழுதியிருந்தார்: எண்ணெய் எத்தனை தேக்கரண்டி? அந்த ஆசிரியருக்கு என் வணக்கம்.

மடியில் முறம்

குடும்ப வள மேலாண்மைத் தாளில் நேரத்தையும் பணத்தையும் திட்டமிடச் சொல்வார்கள். குடும்பத் தலைவி காலை 5 மணிக்கு எழுவாள், 6 மணிக்குப் பால் காய்ச்சுவாள், மத்தியானம் ஓய்வு, சாயங்காலம் பொழுதுபோக்கு என்று மாதிரி அட்டவணை இருக்கும். முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் கடையத்திலும் பீடி சுற்றுகிற பெண்ணின் ஒரு நாளை அந்த அட்டவணைக்குள் எழுதிப் பாருங்கள். சோறு பொங்கும்போதும் மடியில் முறம். பிள்ளைக்குப் பாடம் சொல்லும்போதும் இலை வெட்டு. ஆயிரம் பீடி முடிக்கக் கிட்டத்தட்ட பகல் முழுவதும் போய்விடும். கடையில் கழிவு என்று எடுத்துப் போடுவதை மறுபடி சுற்ற வேண்டும். புத்தகத்தில் 'வேலை நேரம்', 'வீட்டு நேரம்' என்று இரண்டு பத்தி. இவளுக்கு இரண்டும் ஒரே நேரம். வீட்டுக்குள் நடப்பதால் அதை வேலை என்றுகூடப் பலர் ஒப்புக்கொள்வதில்லை.

வீட்டு வரைபடமும் அப்படியே. வரவேற்பறை, சாப்பாட்டறை, பூசையறை, விருந்தினர் அறை என்று நான் அளந்து கோடு போட்ட வீட்டை எங்கள் தெருவில் கட்டினால் நாலு குடும்பத்தின் இடம் போய்விடும். இன்றைக்கு மாணவிகளுக்குக் கொடுக்க நல்ல கணக்கு ஒன்று இருக்கிறது. கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் கட்டும் வீடு 360 சதுர அடி, அரசு கொடுப்பது 3.50 லட்சம் ரூபாய். அதற்குள் அடுப்பு எங்கே இருந்தால் புகை வெளியே போகும், பீடித் தூள் எங்கே வைத்தால் தொட்டில் பிள்ளையின் மூக்கில் ஏறாது, படிக்கிற பிள்ளைக்கு மேசை எந்த மூலையில் என்று வரைந்து காட்டட்டும். பூசையறை வரைவதைவிட இது கடினமான வடிவமைப்பு.

'குடும்பப் பின்னணி'

கடைசியாக, சொல்லத் தயங்குகிற பாடம். மனித வளர்ச்சித் தாளில் 'வாழ்க்கைத் துணையைத் தேர்ந்தெடுத்தல்' என்று ஒரு பகுதி வரும். வயது, படிப்பு, உடல் நலம், மனப் பொருத்தம், குடும்பப் பின்னணி என்று பட்டியல் போடுவோம். அந்தக் கடைசிச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று வகுப்பில் யாரும் கேட்பதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பதால் கேட்பதில்லை.

2025 ஜூலை 27ஆம் தேதி பாளையங்கோட்டையில், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் நேசித்த பெண்ணின் குடும்பத்தைச் சேர்ந்தவரே கைதானார். படிப்பு இருந்தது, வேலை இருந்தது, மனப் பொருத்தம் இருந்தது. பட்டியலின் கடைசிச் சொல் ஒன்றுதான் குறுக்கே நின்றது. அதே ஆண்டு அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் பற்றிப் பரிந்துரைக்க ஓய்வு பெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார்.

கல்லூரிகள் நிறைந்த பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த ஊர்க் கல்லூரிகளில் படிக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் கீழே உள்ளவை தெரிந்திருக்க வேண்டாமா? வயது வந்த இருவர் மணம் செய்துகொள்ளக் குடும்பத்தின் சம்மதமோ சாதியின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மிரட்டல் வந்தால் காவல் துறை பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்யலாம். சாதி மறுப்புத் திருமணத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் மாநில அரசின் நிதியுதவி இருக்கிறது: பட்டம் அல்லது பட்டயம் படித்திருந்தால் 50 ஆயிரம், இல்லை என்றால் 25 ஆயிரம், கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். தகப்பன் சொத்தில் மகளுக்குச் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989இலேயே வந்துவிட்டது. இவை எல்லாம் குடும்ப வாழ்வுக் கல்விதான். பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்கள், 'குடும்பப் பின்னணி' என்று போட்ட இடத்தில் சாதி என்றே எழுதி, அதற்குக் கீழே இந்தச் சட்டங்களைச் சேர்த்தால் ஒரு பக்கம்தான் கூடும்.

சேர நினைப்பவர்களுக்கு

கல்லூரிகளில் இந்தப் படிப்பு இப்போது பல பெயரில் இருக்கிறது. மனையியல் என்ற பெயரிலும் இருக்கும்; சத்துணவியல், உணவு அறிவியல், மனித வளர்ச்சி என்றும் இருக்கும். பரோடாவில் கிட்ரெல் உதவிய கல்லூரியே இன்று குடும்ப, சமூக அறிவியல் புலம் என்று பெயர் மாறிவிட்டது. அமெரிக்கச் சங்கமும் 1994இல் பெயரை மாற்றிக்கொண்டது. விண்ணப்பப் படிவத்தில் மனையியல் இல்லையே என்று விட்டுவிடாமல் பாடத்திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். செய்முறைக் கூடம் இருக்கிறதா, அதில் அடுப்பும் தராசும் வேலை செய்கிறதா என்றும் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

வேலை வாய்ப்பு: மருத்துவமனைகளில் உணவு ஆலோசகர், உணவு நிறுவனங்களின் தரச் சோதனைக் கூடம், விடுதி மேலாண்மை, ஆசிரியர் பணி. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் வட்டார அளவில் அதிகாரியாக இருப்பவர் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். அரசுப் பணியாளர் தேர்வாணையம் அந்தப் பணிக்கு ஆள் எடுக்கும்போது கேட்கிற படிப்புகளில் மனையியலும் சத்துணவியலும் உண்டு. அறிவிப்பு வருடா வருடம் வராது. வரும்போது தகுதிப் பகுதியை முழுவதும் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

பணத்துக்கு வழி: குடும்ப ஆண்டு வருமானம் 2.50 லட்சத்துக்குள் இருந்தால் பட்டியல் சாதி மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. இது 1944இல் வந்த திட்டம். அம்பேத்கர் வைசிராய் குழுவில் இருந்தபோது வற்புறுத்தி வாங்கியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பீடித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைக்கு மத்திய அரசின் தொழிலாளர் நல உதவித்தொகை தனியாக உண்டு. அம்மாவின் அடையாள அட்டை வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, பெயர் பிழையில்லாத வங்கிக் கணக்கு மூன்றையும் பிளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்னாலேயே எடுத்து வைத்துவிடுங்கள். இ-சேவை மையத்தில் மே மாதக் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே.